பதினேழு ஊர் கேட்ட குரல்

ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் மதியத்தில், செம்மணல்விளை வானொலி நிலையத்தில் மீனவர்களுக்கான வானிலை அறிக்கையை வாசித்து முடித்து, மைக்குக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு அணைந்ததையும் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க" என்று சுகிர்தம் கேட்டபோது, அந்த வார்த்தைகள் அவள் உட்கார்ந்திருந்த அறையில் கேட்கவில்லை. செம்மணல் மேடான தேரிக்காட்டைச் சுற்றியிருந்த பதினேழு ஊர்களிலும், டீக்கடைகளிலும் உப்பளத்துக் கொட்டகைகளிலும் வள்ளங்களில் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டியிருந்த டிரான்சிஸ்டர்களிலும் கேட்டன. நடுவக்காட்டில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து ரேடியோவுக்கு முன்னால் வைத்தாள்.

சுகிர்தத்துக்கு அப்போது இருபத்துநாலு வயது. நிலையத்தின் மெக்கானிக் மைக்கைக் கழற்றினார், வயரை மாற்றினார், அவளை வாசலில் நிற்கவைத்துப் பேசச் சொன்னார், வேப்பமரத்தடியில் நிற்கவைத்துப் பேசச் சொன்னார். எங்கே நின்று பேசினாலும் உதடு அசைவதுதான் தெரிந்தது, சத்தம் மேசைமேலிருந்த ரேடியோவிலிருந்து வந்தது. மூன்றாம் நாள் பட்டணத்திலிருந்து வந்த இஞ்சினியர் நிலையத்துக்கு வரும் மின்சாரத்தையே நிறுத்திப் பார்த்தார். கோபுரம் செத்துக் கிடந்த அந்த அரைமணி நேரத்திலும், "நான் வீட்டுக்குப் போட்டுமா, அம்மை தேடுவா" என்று அவள் கேட்டது பதினேழு ஊரிலும் சுத்தமாக விழுந்தது. கருவிகளில் பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கருப்பட்டி இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு இஞ்சினியர் பஸ் ஏறினார்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் வசதிக்குத் தக்கபடி சிறுசிறு ஏற்பாடுகள் செய்துகொண்டது. டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சீட்டுக்கு மேலே ஒரு டிரான்சிஸ்டரைத் தொங்கவிட்டார்கள், அவள் இறங்கவேண்டிய இடத்தைச் சொல்ல வேண்டுமே என்று. கோயிலில் பெண்கள் பக்கத்து மூன்றாம் பெஞ்சில் பாஸ்டரே ஒரு ரேடியோவை வைத்து, அதற்குக் குரோஷாப் பின்னல் விரிப்பும் போட்டுவைத்தார், அவள் சொல்லும் ஆமென் மட்டும் விட்டுப்போகக் கூடாது என்று. ஒருநாள் டாக்டர் தன் மேசை ரேடியோவைத் திருகிவைத்து, "இப்ப சொல்லுங்க, என்ன செய்யுது?" என்று கேட்க, அவள் வயிற்றுக் கோளாறைச் சொல்ல, பொழுது சாய்வதற்குள் ஓமத்தண்ணீரும் வசம்புமாகப் பதினோரு பேர் அவள் வாசலில் நின்றார்கள். இன்றைக்குச் சாளைமீன் குழம்பு வைக்கலாம் என்று அடுப்படியில் தனக்குத்தானே அவள் முனகினால் போதும், சாளைக்காரி கூடையோடு படியேறிவிடுவாள். அவள் யாரிடமாவது கோபமாகப் பேசத் தொடங்கினால், மரியாதை தெரிந்த வீடுகளில் ரேடியோவைக் குறைத்துவைத்தார்கள். மரியாதை தெரியாத வீடுகளும் இருந்தன.

எந்த இடத்திலாவது ரேடியோ இல்லாமல் போனால் அவள் பேசுவது அவளுக்கே கேட்காது என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஞானசிகாமணி சரக்குக் கப்பலில் வேலை செய்தார், வருசத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு மாதமும் அவர் பேசுவார், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். ஏதாவது சொல்லேன் என்று அவர் கெஞ்சினால், ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி ஊரைக் காட்டுவாள். அவளிடமிருந்து ஒரு அந்தரங்க வார்த்தைகூடக் கேட்காமலேயே, மகள் பெர்சிஸுக்கு நாலு வயதாகும்போது, அவர் எங்கோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி வந்த அன்று சுகிர்தம் அழுத அழுகை பதினேழு ஊரிலும் காலையிலிருந்து மாலைவரை கேட்டது. யாரும் ரேடியோவை அணைக்கவில்லை, யாரும் அடுப்பும் பற்றவைக்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்தவர்கள் உப்பு வாரும் பலகையை வரப்பில் சாத்திவைத்துவிட்டு, முகந்தெரியாத அந்தக் கப்பல்காரருக்காகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அழுததால் அவளுக்கென்று அழுவதற்குத் தனியாக எதுவும் மிஞ்சவில்லை.

பெர்சிஸ் கழுத்தில் சின்ன டிரான்சிஸ்டரோடு வளர்ந்தாள். அம்மா கூப்பிடுவது அதில்தான் வரும். அம்மா தாலாட்டினால் பதினேழு ஊர்ப் பிள்ளைகளும் தூங்கும், பெர்சிஸ் மட்டும் விழித்துக்கொண்டிருப்பாள். "இது எனக்கா, எல்லாத்துக்குமா?" என்று ஆறு வயதில் ஒருநாள் கேட்டாள். "ஒனக்குத்தாம் மக்ளே" என்று சுகிர்தம் சொன்னது எல்லா வீட்டிலும் கேட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதையே அம்மாவின் குரலில் சொல்லிக் காட்டினார்கள். அதன்பின் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இதற்குள் நிலையம் மாறத் தொடங்கியிருந்தது. பயிருக்கு மருந்தடிக்கும் பேச்சையும் உப்பளத் தொழிலாளர் அரங்கத்தையும் யார் கேட்கிறார்கள் என்று புதிய இயக்குநர் கேட்டார். நேயர் விருப்பம் வந்தது. அஞ்சலட்டைகள் சாக்குச் சாக்காக வந்தன. பாட்டுகளுக்கு நடுவே சுகிர்தம் அடுப்படியில் அரிசி களைந்தபடி பேசுவதும் கேட்கத்தான் செய்தது, அதுவும் நிகழ்ச்சிதான் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிறகு விளம்பரம் வந்தது. சோப்புக் கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, துவைக்கும்போது எங்கள் சோப்பின் பெயரைச் சும்மா ஒரு தடவை சொல்லுங்கள் அம்மா என்று கெஞ்சினார். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு வாசலைக் காட்டினாள். வேலைக்கு வாசிப்பது வேறு, வீட்டில் பேசுவது வேறு என்று ஒரு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோடு பதினேழு ஊரில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

பெர்சிஸுக்குப் பத்தொன்பது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு கடிதம் விழுந்தது. அத்தனை வருசமாக நாக்கைக் கட்டிவைத்திருந்த சுகிர்தத்துக்கு அன்றைக்கு அது முடியவில்லை.

"அந்த எபநேசர் பயலோட தேரிக்காட்டுல நின்னியாட்டி? எத்தன நாளா நடக்கு இது? அவன் ஒன்னத் தொட்டானா? சொல்லு!"

பெர்சிஸ், பக்கத்து வீட்டு ரேடியோவிலும் எதிர்வீட்டு ரேடியோவிலும் தெருமுனை டீக்கடை ரேடியோவிலும் தொட்டானா, சொல்லு, தொட்டானா, சொல்லு என்று கேட்டு முடிவதை நின்று கேட்டாள். சுகிர்தம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். எபநேசரை அந்த வாரமே அவன் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்ற விடலைகள் பெர்சிஸைப் பார்த்ததும், "தொட்டானா, சொல்லு" என்றார்கள்.

பெர்சிஸ் நர்ஸ் படிப்புக்கு இடம் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ் ஏறுவதற்கு முன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு லெட்டர் எழுதாத. எழுதுனா படிக்க மாட்டேன், திருப்பி அனுப்பிருவேன். ஊருக்கெல்லாம் எந்த வாயால சொன்னியோ அந்த வாயால எங்கிட்ட சொல்லணும். எனக்கு மட்டும் சொல்லணும். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்கக் கூடாது. அப்படி முடிஞ்சா கூப்புடு, வாரேன்."

சுகிர்தம் வாயைத் திறந்தாள். டிரைவர் தலைக்கு மேலே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

அன்றிலிருந்து அவள் பெர்சிஸ் என்ற பெயரைச் சொல்லவில்லை. கடிதங்கள் எழுதினாள், உறை பிரிக்காமல் திரும்பி வந்தன. நாலைந்துக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். பதினேழு ஊரும் தன்னைக் கேட்பதை விடும் நாளுக்காக, நிலையத்தில் வேறு யாரும் காத்திராத ஒன்றுக்காக, அவள் காத்திருந்தாள்.

முதலில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. சீரியல் ஓடும் நேரத்தில் ரேடியோக்கள் ஊமையாகிப்போயின. இயக்குநர் கூட்டம் போட்டு, நேயர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டபோது, சுகிர்தம் ஒரு துண்டுச்சீட்டில், பாதிதானா சார் என்று எழுதி நீட்டினாள். அவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொண்டு அவளைப் பாராட்டினார். பிறகு எஃப்.எம். வந்தது. நிலையத்தின் பழைய மீடியம் வேவ் அலைவரிசையில் காலை இரண்டு மணி நேரம் மட்டும் பழைய பாட்டுப் போட்டுவிட்டு, மற்ற நேரமெல்லாம் எஃப்.எம்மில் இரண்டு சின்னஞ்சிறுசுகள் சிரித்துச் சிரித்துப் பேசின. சுகிர்தத்தின் குரல் எஃப்.எம்முக்கு ஏறவில்லை. அது பழைய இடத்திலேயே, முள்ளை இடது கோடிக்குத் திருப்பினால் வரும் இரைச்சலுக்கு நடுவிலேயே நின்றுவிட்டது. வாசிக்கும் வேலை போய், ஒலிநாடாக்களுக்கு எண் ஒட்டும் வேலையைக் கொடுத்தார்கள். சந்தோசமாக ஒட்டினாள்.

அவள் ஓய்வு பெற்ற பிறகு தலைநகரத்து நிகழ்ச்சிகளை அப்படியே வாங்கி ஒலிபரப்பினார்கள். பிறகு அதையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது, பத்துப் பேர் இருந்த கட்டிடத்தில் ஒரு வாட்ச்மேன் இருந்தார். பிறகு, இனிமேல் எல்லாம் போனில் கேட்கலாம் என்று ஒரு பலகை மாட்டிவிட்டு, கோபுரத்தை அறுத்து லாரியில் ஏற்றினார்கள். அன்று பார்க்கத் திரண்டவர்களில் பழைய ஊழியர்கள் அழுதார்கள். சுகிர்தம் மட்டும் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தாள். இன்னும் எந்த வீட்டில் பழைய ரேடியோ பாடுகிறது என்று பார்த்துவந்தாள். நூற்றுப்பத்து இருந்தது. அடுத்த வருசம் நாற்பது. ரிப்பேர் கடைக்காரர் மொபைல் கடைக்காரர் ஆனார். நாற்பது ஒன்பதானது.

பஸ்ஸிலிருந்து, டாக்டர் மேசையிலிருந்து, கோயில் பெஞ்சிலிருந்து ரேடியோக்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. அவள் வீட்டு ரேடியோவும் ஒருநாள் புகைந்து அணைந்தது. இப்போது அவள் பேசுவது அவள் இருக்கும் இடத்தில் யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்கும் கேட்கவில்லை. கடைக்குத் துண்டுச்சீட்டோடு போனாள். புதிதாக வேலைக்கு வந்திருந்த கடைப்பெண் உள்ளே பார்த்து, "எண்ணே, அந்த ஊமை ஆச்சி வந்துருக்காவ" என்றாள். முதலாளி அவளைத் திருத்தவில்லை. நாற்பது வருசத்துக்கு முன் சுகிர்தம் அழுத அழுகைக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவரின் மகன்தான் அவர்.

ஒருநாள் காலை, உப்பளத்துக் கடைசிப் பாத்திகளை ஒட்டிய மண்பாதையில் நடக்கும்போது செருப்பு வார் அறுந்தது. "அட, பிஞ்சு போச்சே" என்றாள். பத்தடி தள்ளியிருந்த ஓலைக் குடிசைக்குள்ளிருந்து, அட, பிஞ்சு போச்சே என்று ஒரு பெண்குரல் கேட்டது. அவள் நின்றுவிட்டாள். அது யார் குரல் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அதை அவள் கேட்டு ஐந்து வருசம் ஆகியிருந்தது.

"யாரு, சுகிர்தம்மாவா?" குடிசைக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. "வாசல்லயா நிக்கீய? பேச்சு பெட்டியில வருது, செருப்ப இழுக்குற சத்தம் வெளிய வருது."

உள்ளே பலவேசம் உட்கார்ந்திருந்தார். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன எண்பது வயதுக்காரர். மனைவி போய்ப் பன்னிரண்டு வருசம், மகன் வளைகுடாவில். மடியில் ஒரு பழைய ரேடியோ இருந்தது, அதைச் சுற்றி ரப்பர் வளையங்கள் போட்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் பேசுறது ஒங்களுக்குக் கேக்கா?"

"நல்லாக் கேக்கு. நேத்து நீங்க அரிசியில கல்லு கெடக்குன்னு ஏசுனது கேட்டேன். முந்தாநாளு ராகமில்லாம ஒரு கீர்த்தனை பாடுனியளே, அதுவும் கேட்டேன். எனக்குப் பேச்சுத்தொண நீங்கதானம்மா."

அவளுடைய நோட்டில் அந்தக் குடிசை இல்லை. மறுநாளிலிருந்து தினமும் போனாள். அவர் கேட்டார், அவள் பேசினாள், அவள் பேசுவது அவளுக்கும் கேட்டது. நோட்டிலிருந்த ஒன்பது ரேடியோக்களும் அதற்கடுத்த இரண்டு வருசத்தில் ஒன்றொன்றாக அடங்கின. கடைசியில் அவர் மடியிலிருந்த ஒன்றுதான் மிச்சம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் மகளுக்கு எழுதவில்லை. எட்டு மாதம் எழுதவில்லை.

கேட்டது பலவேசம்தான். "பெர்சிஸ் புள்ள பேரை நீங்க சொல்லி இருவத்தேழு வருசம் ஆச்சும்மா. நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னைக்காவது சொல்லுதாவளான்னு."

சுகிர்தம் பஸ் ஸ்டாண்டில் மகள் சொன்னதைச் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். ரேடியோ அதை ஒரு எழுத்து விடாமல் அவருக்குச் சொன்னது.

"அப்ப இப்பக் கூப்புட வேண்டியதுதான. நாந்தான இருக்கேன். அந்த நேரத்துக்கு அணைச்சு வச்சுருதேன்."

"ஒங்களுக்கு வேற தொண இல்லையே அண்ணாச்சி."

"ஒரு பொழுதுதான?"

படிக்க மாட்டேன் என்று சொன்னவளுக்கு, கண்ணில் பட்டுத்தானே ஆக வேண்டும் என்று, உறை போடாத அஞ்சலட்டையில் எழுதினாள். இப்போது முடியும், வா. அவ்வளவுதான்.

பெர்சிஸ் புனேயிலிருந்து வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் நடந்து நடந்து பாதம் அகன்றிருந்தது. வாசலில் நின்ற அம்மா வாயைத் திறந்து ஏதோ சொல்வதையும் சத்தமே வராததையும் பார்த்தாள். அம்மாவின் குரல் ரேடியோவில்தான் வரும் என்பதையே மறந்துவிட்டவள் போல முகம் மாறியது. "ரேடியோ எங்க?" என்று கேட்டாள். சுகிர்தம் விரலை உயர்த்திக் கொஞ்சம் இரு என்று காட்டிவிட்டு, மதிய வெயிலில் உப்பளத்துக்கு நடந்தாள்.

பலவேசம் ரேடியோவை அணைத்து, துணியில் சுற்றி, வாசலிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் எடுத்து நீட்டினார்.

"பெட்டியவே கொண்டு போயிருங்க. இங்க இருந்தா எனக்குக் கை நிக்காது, திருவிப்புடுவேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். ஏதோ சொன்னாள். அணைத்த ரேடியோவில் அது வரவில்லை. அவருக்குக் கண்ணும் தெரியாது என்பதால், அவள் சொன்னதாகவே அவருக்குத் தெரியாமல் போனது.

அன்று மதியம் சுகிர்தம் மகளிடம் என்ன சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் வயிற்றுக் கோளாறுக்கு ஓமத்தண்ணீர் கொண்டுவந்த ஊர்களில், அவள் குழம்பில் புளி கூடிப்போனது தெரிந்த வீடுகளில், ஒருவருக்கும் தெரியாது. கதை சொல்லும் எனக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே கண்டதுதான் தெரியும். கிழவியின் உதடு அசைந்துகொண்டிருந்தது. மகள் ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்திருந்தாலும் பார்வையை அம்மாவின் வாயிலிருந்து எடுக்கவில்லை. நடுவில் ஒருதடவை சிரித்தாள். பிறகு ரொம்ப நேரம் சிரிக்கவில்லை. கடைசியில் ரேடியோவை அணைத்துவிட்டு, குனிந்து, அம்மாவின் காதுக்குள் ஏதோ சொன்னாள். அது அந்த ஒரு காதுக்கு மட்டும்தான் கேட்டது.

மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், அவள் அன்று சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். மூன்று நாள்தான் லீவு, போகவர அதுவே சரியாக இருக்கும் என்றாள். ஆனால் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை வாங்கிக்கொண்டாள், ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபிறகு அதை மடியில் வைத்துக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் ஆட்டோ நின்றது, கொஞ்ச நேரம் நின்றது, பிறகு போய்விட்டது.

சுகிர்தம் ரேடியோவை எடுத்துக்கொண்டு உப்பளத்துப் பாதையில் நடந்தாள். வெயில் இறங்கியிருந்தது, பாத்திகளில் தண்ணீர் சிவந்து கிடந்தது. பலவேசம் மதியம் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலைச் சோறு மூடியபடி இருந்தது.

"வந்துட்டீயளா?" என்றார். கையை நீட்டி ரேடியோவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், ஆனால் திருகவில்லை. "இன்னைக்கு வீடு ரொம்பப் பெருசா இருந்துச்சும்மா."

அவள் அவருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அவர் விரலால் தடவி, பட்டனைக் கண்டுபிடித்து, முள்ளை இடது கோடிக்குக் கொண்டுபோனார். இரைச்சல் வந்தது. அவளுக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை, நாற்பத்தொன்பது வருசத்தில் முதல்தடவையாகச் சொல்லாமல் வைத்திருப்பதற்கும் எதுவும் இல்லை. இரைச்சலுக்கு அடியில் அவள் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, நடந்து வந்த மூச்சு, கொஞ்சம் இளைப்போடு.

பலவேசம் சத்தத்தைச் சற்றுக் கூட்டிவைத்தார்.